வன்னியில் இருந்து ஒரு பிள்ளை கச்சேரிப் பியானோக் கலைஞராக வரலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: கிளிநொச்சியில் இருக்கிறீர்கள்; மகளுக்கு 11 வயது; மூன்று வருடமாகத் தேவாலயத்தில் கீபோட் வாசிக்கிறாள்; பியானோக் கச்சேரிகளைப் போனில் பார்த்துப் பார்த்து, தானும் அப்படித்தான் வருவேன் என்று நிற்கிறாள்; வன்னியில் இருந்துகொண்டு அது நடக்கிற காரியமா, அதற்கு ஒரு பியானோ வாங்கத்தான் வேண்டுமா என்று கேட்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: இப்போதைக்கு எதில் காசும் நேரமும் போடலாம், எதைத் தள்ளிப்போடலாம், எந்த வயதில் நின்று யோசிக்க வேண்டும்? அதற்குத்தான் முதலில் பதில் வேண்டும். 14, 15 வயது வரை செய்யவேண்டிய வேலையில் பெரும்பகுதியைக் கிளிநொச்சியில் இருந்தே செய்யலாம். அதன் பிறகு முடியாது. பிள்ளை ஊரை விட்டு வெளிக்கிட வேண்டிவரும். மகள் அந்த உயரத்துக்குப் போவாளா என்பதை அவள் வாசிப்பைக் கேட்காத நான் சொல்ல முடியாது. கேட்டவர்களாலும் 11 வயதில் உறுதியாகச் சொல்ல முடியாது.

அந்தத் தொழில் எப்படிப்பட்டது என்பதைக் குடும்பம் தெரிந்து வைத்திருப்பது நல்லது. வீடியோவில் தெரிவது மேடையில் இருக்கும் நேரம் மட்டும். தனிக் கச்சேரி என்றால் 70 – 80 நிமிட இசை, நடுவில் ஒரு இடைவேளை, பெரும்பாலும் தாளைப் பார்க்காமல் மனப்பாடமாக. ஓகெஸ்ட்ராவுடன் சேர்ந்து வாசிக்கும் கொன்செர்ட்டோ பெரும்பாலும் 25 – 45 நிமிடம் போகும். அதற்கு ஓகெஸ்ட்ராவுடன் ஒத்திகை ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும். அதனால் வேலை முழுக்க அதற்கு முதலே வீட்டில் முடிந்திருக்க வேண்டும். ஓடித்திரியும் ஒரு கலைஞர் ஒரே காலத்தில் இரண்டு தனிக் கச்சேரிக்கான உருப்படிகளையும் நாலைந்து கொன்செர்ட்டோக்களையும் கையில் சூடாக வைத்திருப்பார். நிகழ்ச்சிகள் ஒன்றிரண்டு வருடம் முன்பே ஒழுங்காகும். நம் வீணைக்காரரும் மிருதங்கக்காரரும் தங்கள் வாத்தியத்தைத் தாங்களே கொண்டுபோவார்கள்; பியானோக்காரருக்கு அந்த வசதி இல்லை. பெரிய மண்டபத்தில் நிற்கும் கச்சேரிப் பியானோ 274 சென்ரிமீற்றர் நீளமும் ஏறக்குறைய 480 கிலோ நிறையும் உள்ளது. ஊருக்கு ஊர் வேறு பியானோ, கட்டையில் வேறு பாரம், வேறு எதிரொலி. போய் இறங்கிய அன்றே இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் அந்தக் கருவிக்குக் கையைப் பழக்கி, அங்குள்ள பியானோத் தொழில்நுட்பவியலாளருடன் கதைத்து, எந்தக் கட்டை ஒட்டுகிறது, எந்தப் பக்கம் ஒலி காய்ந்திருக்கிறது என்று சொல்லித் திருத்துவிக்க வேண்டும். கிடைக்கும் பணத்தில் முகவர் பங்கு 15 – 20 வீதம் போகும்; சில நாடுகள் வரியைக் கையோடு கழிக்கும்; பயணச் செலவும் பலவேளை கலைஞருடையதுதான். இலங்கைக் கடவுச்சீட்டில் ஓடுகிறவருக்கு ஒவ்வொரு சுற்றுக்கும் விசாவும் ஒரு வேலை. கச்சேரி வாசித்து மட்டும் சீவிக்கிறவர்கள் உலகம் முழுக்கவே சிறு தொகையினர். இசைக் கல்லூரி முடித்தவர்களில் பெரும்பாலானோர் படிப்பித்தும், பாடகருக்கும் வயலினுக்கும் பக்கம் வாசித்தும், இடைக்கிடை மேடை ஏறியும்தான் வாழ்கிறார்கள். இதைப் பிள்ளைக்கு இப்போதே சொல்லத் தேவையில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

போர்க்காலத்துக் கிராமத்தில் இருந்து உலக மேடைக்குப் போனவர் உண்டா என்றால், உண்டு. வியட்நாமின் டாங் தாய் சொன் 1958 இல் ஹனோயில் பிறந்தவர். அமெரிக்கக் குண்டுவீச்சுக் காலத்தில் ஹனோய் இசைப் பாடசாலை மலைக்கிராமத்துக்கு இடம்பெயர்ந்தது. பியானோவையும் எருமை இழுத்துத்தான் கொண்டுபோனார்கள். அங்கே வளர்ந்த பிள்ளை 1980 இல் வார்சோவில் நடக்கும் சோபின் சர்வதேசப் போட்டியில் முதற்பரிசு எடுத்தார். அந்தப் பரிசு எடுத்த முதல் ஆசியர் அவர்தான். 2021 இல் அதே பரிசை எடுத்த புரூஸ் லியூ இவருடைய மாணவர். இடம்பெயர்வு என்றால் என்னவென்று வன்னிக்கு விளக்கத் தேவையில்லை, ஆனால் இந்தக் கதையில் இன்னும் இரண்டு விசயம் கவனிக்க வேண்டும். ஒன்று, தாயே பயிற்சி பெற்ற பியானோ ஆசிரியை. காடு மேடு என்றாலும் ஆசிரியர் வீட்டிலேயே இருந்தார். மற்றது, 1974 இல் ஒரு ரஷ்ய ஆசிரியர் அவரை இனங்கண்டார், 1977 இல் சொன் மொஸ்கோவுக்குப் போய்விட்டார். நல்ல கருவி இல்லாமல் சமாளிக்கலாம். நல்ல ஆசிரியர் இல்லாமலும், பதின்ம வயதின் பிற்பகுதியில் வெளியே போகாமலும் சமாளித்தவர்கள் மிக அரிது.

மணிக்கணக்கைப் பார்ப்போம். 1993 இல் வெளிவந்த பெர்லின் ஆய்வு ஒன்றில், தொழில்முறைப் பாதையில் இருந்த பியானோ மாணவர்கள் 18 வயதாகும்போது சராசரியாக 7,600 மணி நேரம் அளவில் தனியே பயிற்சி செய்திருந்தார்கள். பொழுதுபோக்குக்கு வாசித்தவர்கள் 1,600 மணி நேரம். அவ்வளவு நேரம் இருந்தால் எவரும் கலைஞராகிவிடுவார் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் உங்கள் மகளுக்கு 18 ஆக இன்னும் 7 வருடம் இருக்கிறது. அதே அளவை எட்ட நாளுக்குச் சராசரியாக 3 மணி நேரம் வேண்டும். 11 வயதில் 3 மணி நேரம் இருத்தக் கூடாது. இப்போது ஒரு மணி நேரம் தொடக்கம் ஒன்றரை மணி நேரம், 13 இல் இரண்டு, 15 இல் மூன்று, 16 க்கு மேல் நாலு என்று ஏற வேண்டும். அந்த ஏற்றம் ஓ.எல். வகுப்போடும் ரியூசனோடும் நேருக்கு நேர் மோதும். மோதும் என்று தெரிந்தே ஒழுங்குபடுத்துங்கள். பாடசாலைக்கு முந்திய ஒரு மணி நேரம் எல்லாவற்றிலும் பெறுமதியானது. ஹெட்போன் போட்டால் வீட்டில் மற்றவர்கள் நித்திரை கொள்ளலாம்.

தேவாலயத்தில் கீபோட் வாசித்து வரும் பிள்ளைகளிடம் ஒரே மாதிரியான மூன்று பழக்கம் இருக்கும். மகளிடம் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். முதலாவது, ட்ரான்ஸ்போஸ் பொத்தான். பாடகர் குழு எந்தச் சுருதியில் பாடினாலும் பிள்ளை சி மேஜரிலேயே விரலை வைத்துக்கொண்டு பொத்தானை அமத்தி ஏற்றி இறக்கும். கறுப்புக் கட்டை கைக்கே வராது. இன்றில் இருந்து அந்தப் பொத்தானில் கை வைக்கக் கூடாது. தெரிந்த ஒரு பாட்டை ஜி, எஃப், டி, பி ஃபிளாற் என்று ஒவ்வொரு சுருதியிலும் விரலால் மாற்றி வாசிக்கப் பழகட்டும். ஒரு மாதம் திணறுவாள், பிறகு அது பெரிய சொத்து. இரண்டாவது, இடது கை கோர்ட் பிடித்துக்கொண்டு நிற்க, ரிதம் பெட்டி தாளம் போடும். பியானோவில் இடது கைக்கும் வலது கைக்கு இருக்கிற அளவு வேலை இருக்கிறது. தாளத்தைத் தானே வைத்திருக்க வேண்டும். சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடிப் பழகிய பிள்ளைக்கு இது இலகுவாக வரும். மகள் சங்கீதமும் படித்தால் அதை நிறுத்த வேண்டாம். மூன்றாவதுதான் கடினமானது: தொடுகை. சாதாரணக் கீபோட் கட்டைக்குள் ஸ்பிரிங்தான் இருக்கிறது, பாரம் இல்லை. பியானோக் கட்டையை அமத்தினால் ஏறக்குறைய 50 கிராம் எதிர்ப்போடு ஒரு சென்ரிமீற்றர் கீழே போகும். அதன் மறுமுனையில் ஒரு சுத்தியல் எறிபட்டுத் தந்தியில் அடித்துத் திரும்பும். ஒலியின் பலம் கட்டை கீழே போகும் வேகத்தில் இருக்கிறது. ஸ்பிரிங் கட்டையில் பழகிய பிள்ளை கையின் பாரத்தை விடத் தெரியாமல், விரலை உயரத் தூக்கி நுனியால் குத்தும், கடைசி மூட்டு உள்ளே மடியும், மணிக்கட்டு இறுகும், பெருவிரல் கீழால் போகும்போது முழங்கை வெளியே எறியும். மெல்லெனவும் பலமாகவும் என்ற வேறுபாடே வராது. இது இரண்டு வருடம் ஊறிவிட்டால் கழற்ற இன்னும் இரண்டு வருடம் பிடிக்கும். அதனால் முதல் செலவு கருவியில்தான்.

என்ன வாங்குவது? இந்த வயதுக்கும் இந்த இடத்துக்கும் 88 கட்டை, சுத்தியல் பாரம் உள்ள டிஜிற்றல் பியானோ. கடையில் கேட்கும்போது "வெயிற்றட் ஹேமர் அக்ஷன்" என்ற சொல்லைச் சொல்லிக் கேளுங்கள். "டச் சென்சிற்றிவ்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது வேறு. யமஹா, ரோலண்ட், காசியோ மூன்றிலும் தொடக்கநிலை மாதிரிகள் போதும். ஆயிரம் வாத்தியச் சத்தம், ரிதம் எல்லாம் தேவையே இல்லை. மின்சாரம் அடிக்கடி நிற்கும் இடம் என்றால் பற்றரியிலும் ஓடக்கூடிய மெல்லிய காசியோ மாதிரிகளைப் பாருங்கள். வாங்கும்போது ஒவ்வொரு கட்டையையும் மெல்ல, நடுத்தரமாக, பலமாக என்று அமத்திப் பாருங்கள். பாவித்த பெட்டியில் நடு இரண்டு ஸ்தாயியிலும் கட்டை தளர்ந்து "டக் டக்" என்று அடிக்கும். பெட்டியோடு வரும் சின்னச் சதுர மிதி (பெடல்) வெறும் சுவிச்; நிலத்தில் வழுக்கி ஓடும். பியானோ மிதி வடிவில் உள்ளதைத் தனியே வாங்குங்கள், பாதி மிதிப்பை உணரக்கூடியதாக இருந்தால் இன்னும் நல்லது. எக்ஸ் வடிவக் கால் வேண்டாம், ஆடும், முழங்காலும் இடிக்கும். ஊர்த் தச்சரிடம் கனமான மேசை ஒன்று செய்விக்கலாம். கட்டையின் மேற்பரப்பு நிலத்தில் இருந்து 72 – 74 சென்ரிமீற்றரில் வர வேண்டும். அதற்கேற்ப மேசை உயரத்தில் பெட்டியின் தடிப்பைக் கழியுங்கள். கதிரை பிளாஸ்ரிக் கதிரையாக இருக்கக் கூடாது. முதுகு சாயாத வாங்கு, முன்கை நிலத்துக்குச் சமாந்தரமாக வரும் உயரம், பாதம் முழுதாக நிலத்தில். ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலில் வயரைக் கழற்றி வையுங்கள். மின்னலில் போன பெட்டிக்குப் பாகம் எடுப்பது பெரும்பாடு.

உண்மையான பியானோவை இப்போதே வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பிள்ளைக்கு அது வேண்டாம் என்பதற்காக இல்லை. 13, 14 இல் கட்டாயம் வேண்டிவரும். ஏறக்குறைய 230 தந்தி, மொத்த இழுவை கிட்டத்தட்ட 18 தொன், அதைத் தாங்கும் இரும்புச் சட்டம், பின்னால் மெல்லிய ஸ்புரூஸ் மரப்பலகை. வன்னியின் காலநிலை அந்தப் பலகைக்குக் கொடியது. மாரியில் ஈரத்தை உறிஞ்சிப் பலகை வீங்கும், சுருதி ஏறும். சோளகக் காற்றில் காய்ந்து சுருங்கும், சுருதி இறங்கும். வருடத்தில் இரண்டு தரமாவது சுருதி கட்ட வேண்டும்: மாரி முடிந்து பெப்ரவரிக் கடைசியில் ஒன்று, வறட்சி நிலைத்த பின் யூலையில் ஒன்று. அந்தத் தொழிலாளர்கள் பெரும்பாலும் கொழும்பில் இருக்கிறார்கள், போக்குவரத்துச் செலவும் உங்களுடையது. பாவித்த ஜப்பான் நிமிர் (அப்ரைற்) பியானோ, 120 சென்ரிமீற்றர் அளவு உயரமானது, நல்ல தெரிவு; 230 கிலோ அளவில் இருக்கும், நாலு பேரும் சரிவுப் பலகையும் வேண்டும். பழைய தோட்டத்துப் பங்களாப் பியானோ மலிவாகக் கிடைக்கிறதென்று விழ வேண்டாம். தந்தி சுற்றிய ஆணிகள் மரத்தில் தளர்ந்திருந்தால் கட்டிய சுருதி ஒரு கிழமை நிற்காது, அதைத் திருத்தும் செலவு பியானோவின் விலையைத் தாண்டும். மேல்மூடியைத் திறந்து தந்தியில் துரு, கம்பளிச் சுத்தியலில் ஆழமான வெட்டு, மரத்தில் செல், எலி எச்சம் இருக்கிறதா என்று ரோச் அடித்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்த பின் தகரக் கூரைக்குக் கீழேயும் வெளிச்சுவரோடும் யன்னலுக்கு நேரேயும் வைக்கக் கூடாது. எலி மிதியின் ஓட்டையால்தான் உள்ளே போகும். அதை மெல்லிய கம்பிவலையால் அடையுங்கள். மழைக்காலத்தில் உள்ளே ஒரு சின்ன பல்ப் எரியவிடுவது பழைய வழக்கம், வேலை செய்யும். ஆனால் பங்குனிக்குப் பிறகும் அதை எரியவிட்டுப் பலகை வெடித்த வீடுகளும் உண்டு.

ஆசிரியர் பற்றி. கிழமைக்கு ஒருதரம் நேரில் கிடைத்தால் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கிடைக்காவிட்டால் மாதத்தில் இரண்டு தரமாவது யாழ்ப்பாணமோ வவுனியாவோ போய் நேரில் ஒரு நீண்ட வகுப்பு, இடைப்பட்ட கிழமைகளில் இணையத்தில் என்று வையுங்கள். யாழ்ப்பாணம் ஏறக்குறைய 65 கிலோமீற்றர், வவுனியா 80. ஒரு சனிக்கிழமையில் போய் வரலாம். இணையத்தில் சரியாகப் போகிறவை: சுரம் வாசித்தல், விரல் இலக்கம், தாளம், தியரி. போகாதவை: ஒலியின் தரம், மிதி, தோளிலும் மணிக்கட்டிலும் உள்ள இறுக்கம். ஆசிரியர் பிள்ளையின் முன்கையைக் கையில் தாங்கி "பாரத்தை விடு" என்று சொல்லும் அந்த ஒரு நிமிடத்தைத் திரையால் கொடுக்க முடியாது. இணைய வகுப்பில் போனை முகத்துக்கு நேரே வைக்காதீர்கள். வலப்பக்கத்தில், தோள் உயரத்தில், விரலில் இருந்து முழங்கை வரையும் முடிந்தால் பாதமும் தெரியும்படி வையுங்கள். சூம் என்றால் அமைப்பில் "ஒரிஜினல் சவுண்ட்" ஐப் போடுங்கள். போடாவிட்டால் மென்மையான ஒலியை இரைச்சல் என்று நினைத்து அது வெட்டிவிடும். அதைவிட நல்லது, வகுப்புக்கு முதல்நாள் மூன்று நிமிட வீடியோ ஒன்றை எடுத்து வட்ஸ்அப்பில் டொக்கியூமென்ற் ஆக அனுப்புவது; வீடியோவாக அனுப்பினால் சுருக்கிக் கெடுத்துவிடும். தனக்கு மேல் யாரிடம் பிள்ளையை அனுப்ப வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர் நல்ல ஆசிரியர். பரீட்சைக்கான மூன்று உருப்படியை வருடம் முழுக்கப் போட்டு அரைக்கிறவரிடம் இருந்து விலகுங்கள். பரீட்சையில் சித்தி வரும், பிள்ளைக்கு இசை வராது.

ஒரு நாள் பயிற்சியை இரண்டாகப் பிரியுங்கள். காலையில் ஸ்கேலும் விரல் வேலையும் 20 நிமிடம், புதிய உருப்படி 25 நிமிடம். பின்னேரம் முன் பார்க்காத தாளை நேரே வாசித்தல் 15 நிமிடம், பழைய உருப்படி 15 நிமிடம். பிழை வரும் இடத்தில் முதலில் இருந்து தொடங்கும் பழக்கம் எல்லாப் பிள்ளைக்கும் இருக்கிறது. அதனால் முதல் எட்டு அளவு (தாளில் இரண்டு கோட்டுக்கு இடைப்பட்ட பகுதி) வைரமாக இருக்கும், நடுப்பகுதி எப்போதும் உடையும். உடையும் இடத்துக்கு ஒரு அளவு முன்னால் தொடங்கி ஒரு அளவு பின்னால் நிறுத்தி, பாதி வேகத்தில் ஐந்து தரம் பிழையின்றி வந்த பிறகே வேகத்தைக் கூட்டுங்கள். உருப்படிகளில் ஜேர்மன் இசையமைப்பாளர் பாக் கட்டாயம்: முதலில் அவருடைய மனைவி அன்னா மக்டலேனாவின் ஏட்டில் உள்ள சின்னவை, பிறகு 15 இரு குரல் இன்வென்ஷன்கள். இரண்டு கையும் இரண்டு தனி ராகம் பாடுவதைக் கேட்கும் காது அதில்தான் திறக்கும். கர்நாடக சங்கீதத்தில் வளர்ந்த பிள்ளைக்கு ஒற்றை இழையில் காது கூர்மை. ஒரே நேரத்தில் பல இழைகளைக் கேட்பது புதிது. அதற்குப் பக்கத்தில் புர்க்முல்லரின் 25 பயிற்சிகள், கிளெமென்ற்றியின் சொனற்றினா (சின்ன சொனாட்டா), பிறகு ஹைடன், பேத்தோவனின் இலகுவான சொனாட்டாக்கள் (பல பகுதி கொண்ட நீண்ட உருப்படிகள்). காப்புரிமை முடிந்த தாள்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாக இறக்கலாம், அதற்குக் காசு கொடுக்க வேண்டாம். தேவாலயமும் இங்கே உதவும். பாமாலைப் பாட்டுகளின் நாலு குரல் தாள்ப் பதிப்பு இருந்தால் கேட்டு வாங்கி, நாளுக்கு ஒரு பாட்டை நாலு குரலோடும் மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள். தாள் வாசிப்புக்கும் ஹார்மனிக்கும் அதைவிட நல்ல பள்ளிக்கூடம் வன்னியில் இல்லை.

பரீட்சை பற்றிச் சுருக்கமாக. ஏபிஆர்எஸ்எம், ட்ரினிற்றி என்ற இரண்டு பிரித்தானியச் சபைகளின் இசைப் பரீட்சைகளும் இலங்கையில் நடக்கின்றன. 1 தொடக்கம் 8 வரை தரம், அதற்கு மேல் டிப்ளோமா. ஏபிஆர்எஸ்எம் இல் 6 ஆம் தரத்துக்குப் போக 5 ஆம் தரத் தியரியோ அதற்கு ஈடான பரீட்சையோ முடித்திருக்க வேண்டும். பல பிள்ளைகள் அதில்தான் இரண்டு வருடம் நிற்கிறார்கள், இப்போதே தொடங்குங்கள். வீடியோவாக அனுப்பும் முறையில் நாலு உருப்படியையும் வெட்டாமல் ஒரே ஓட்டத்தில் பதிய வேண்டும். கொழும்புக்கு 330 கிலோமீற்றர் போகத் தேவையில்லை என்பதால் கிளிநொச்சிக்கு இது பெரிய வசதி. ஆனால் 8 ஆம் தரத்தில் அதிசிறப்பு எடுத்தால் கலைஞராகிவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். வெளிநாட்டு இசைக் கல்லூரியின் நுழைவுத் தேர்வு அதற்கு மேலே தொடங்குகிறது. பாடசாலையில் மேலைத்தேய சங்கீதம் ஓ.எல். பாடமாக உண்டு, ஆசிரியர் இருக்கும் பாடசாலைதான் குறைவு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலைப் பக்கம் கர்நாடக சங்கீதத்துக்கானது. பியானோவை உள்நாட்டில் பட்டமாகப் படிக்க வேண்டுமென்றால் கொழும்பிலுள்ள கட்புல ஆற்றுகைக் கலைகள் பல்கலைக்கழகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

வெளியே போகும் பாதைக்கு 15 வயதில் ஆயத்தம் தொடங்க வேண்டும். நுழைவுத் தேர்வுக்குப் பெரும்பாலும் கேட்பது: பாக்கின் ஒரு பிரெலூட்டும் ஃபியூகும் (முன்னிசையும் பல குரல் உருப்படியும்), ஒரு முழுச் செவ்வியல் சொனாட்டா, ஒரு ரொமான்ரிக் உருப்படி, ஒன்று இரண்டு எற்றியூட் (விரல் நுட்பத்துக்கான உருப்படி), 20 ஆம் நூற்றாண்டு உருப்படி ஒன்று, எல்லாம் மனப்பாடம். அமெரிக்காவின் கேர்ட்டிஸ் இசை நிறுவனத்தில் 1928 முதல் எல்லா மாணவருக்கும் படிப்புக் கட்டணம் இலவசம், ஆனால் எடுப்பது ஒரு சிலரை. ஜேர்மனியில் பல மாநிலங்களில் அரச இசைக் கல்லூரிக்குக் கற்கைக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டெம்பேர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ எடுக்கிறது. மாணவர் விசாவுக்கு வருடச் செலவு கையில் இருப்பதைக் காட்ட வேண்டும், 2024 இல் இருந்து அது 11,904 யூரோ. அங்குள்ள உறவினர் பொறுப்பேற்றுக் கையெழுத்து வைக்கும் வழியும் உண்டு. வன்னிக் குடும்பங்களில் அரைவாசிக்கு ஜேர்மனியிலோ சுவிசிலோ யாரோ ஒருவர் இருப்பதால் இதைச் சொல்கிறேன். ஜேர்மன் மொழியும் வேண்டும், ஏ.எல். காலத்தில் தொடங்கினால் பிந்திவிடும். பெரிய போட்டிகளின் வயதெல்லை பெரும்பாலும் 30 அளவில் முடிகிறது. 18 இல் கல்லூரிக்குள் போனால் கையில் 12 வருடம்.

உறுதியாகச் சொல்ல முடியாதவற்றுக்கு வருகிறேன். 11 வயது பிந்திவிட்டதா? பெரும்பாலானோர் 4 – 6 வயதில் தொடங்கியவர்கள். சோவியத் பியானோ மேதை ஸ்வியாற்றோஸ்லாவ் ரிக்ற்றர் பெரும்பாலும் தானே படித்து, ஒடேசா ஒப்பெராவில் பக்கம் வாசித்து, 22 வயதில்தான் மொஸ்கோவில் ஆசிரியர் நெய்ஹாவுசிடம் போனார். ஆனால் அவருடைய தகப்பன் பியானோவும் ஓகனும் வாசித்தவர், வீடு முழுக்க இசை. விதிவிலக்கை வைத்துத் திட்டம் போடக் கூடாது, கதவு மூடிவிட்டது என்று சொல்லவும் கூடாது. கை சிறிதென்றால்? ஒரு ஸ்தாயி 16.5 சென்ரிமீற்றர். வளர்ந்த பின் அதை வசதியாகப் பிடித்தால் பெரும்பகுதி வாசிக்கலாம். ஸ்பெயினின் பியானோக் கலைஞர் அலிசியா டி லரோச்சா ஐந்தடிக்கும் குறைந்த உயரம், பெரிய கை கேட்கும் ரக்மனினோவின் கொன்செர்ட்டோக்களும் வாசித்தார். திறமை? வேகத்தைப் பார்க்காதீர்கள். யாரும் சொல்லாமல் பிழையான அளவுக்குத் தானே திரும்பிப் போகிறாளா, ஒரு இசை வசனத்தை வேறுவிதமாக வாசித்துப் பார்க்கிறாளா, இடது கையின் ராகத்தைத் தனியே பாடிக் காட்டுவாளா என்று பாருங்கள். நல்ல கருவியும் நல்ல ஆசிரியரும் கிடைத்து ஒன்றரை வருடத்தில் 24 மேஜர், மைனர் ஸ்கேலும், இரண்டு மூன்று இன்வென்ஷனும், முன் பார்க்காத ஒரு பாமாலைப் பாட்டும் கைக்கு வந்தால் அடுத்த கட்டத்துக்குச் செலவு செய்யலாம். வராவிட்டால் வாசிப்பை நிறுத்த வேண்டாம், அதைத் தொழிலாக்கும் திட்டத்தை மட்டும் ஆறப்போடுங்கள்.

வலி பற்றி ஒன்று. முன்கையிலோ மணிக்கட்டிலோ நோவு வந்தால் அன்றைக்கு நிறுத்த வேண்டும். "தாங்கிப் பழகு" என்று சொல்லும் ஆசிரியரை நம்ப வேண்டாம். அமெரிக்கக் கலைஞர் லியோன் ஃபிளைஷருக்கு 1960 களின் நடுவில் வலது கை விரல்கள் மடங்கி நின்றுவிட்டன. இரண்டு கையாலும் மேடைக்குத் திரும்ப 30 வருடம் சென்றது. இடைக்காலத்தில் அவர் இடது கைக்கு மட்டும் என்று எழுதப்பட்ட உருப்படிகளை வாசித்தார். அந்த உருப்படிகளில் பலவற்றுக்குக் காரணமானவர் முதலாம் உலகப் போரில் வலது கையை இழந்த வியன்னாக் கலைஞர் போல் விற்கென்ஸ்ரைன். பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் இடது கைக் கொன்செர்ட்டோ அவருக்காக எழுதி 1932 இல் வியன்னாவில் முதலில் வாசிக்கப்பட்டது. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும்: போரில் ஒரு கை இழந்த பிள்ளைகளும் இளைஞர்களும் வன்னியில் இருக்கிறார்கள். ஒற்றைக் கைக்கென்றே இலகுவானதில் இருந்து கடினமானது வரை உருப்படிகள் நிறைய உண்டு. பியானோ அவர்களுக்கு மூடிய கதவு இல்லை என்பதைத் தேவாலயத்திலும் பாடசாலையிலும் சொல்லுங்கள்.

மகளுக்குக் காட்டுவதற்கு இலங்கை முன்மாதிரி வேண்டுமென்றால், பியானோக் கலைஞர் ரொஹான் டி சில்வா இங்கே படித்து, லண்டன் ரோயல் இசை அக்கடமிக்கும் நியூயோர்க் ஜூலியார்ட் இசைக் கல்லூரிக்கும் போனவர்; வயலின் கலைஞர் இற்சாக் பெர்ல்மனுடன் பல்லாண்டாக உலக மேடைகளில் வாசிக்கிறார். வயலினோடும் பாட்டோடும் சேர்ந்து வாசிக்கும் இந்தத் துறையில் தனிக் கச்சேரித் துறையை விட வேலை கூடுதல். மகள் தேவாலயத்தில் பாடகர் குழுவின் மூச்சைக் கேட்டு வாசித்துப் பழகியவள், அது இந்தத் துறைக்கு நேரே பயன்படும். அதனால் பியானோ வந்துவிட்டது என்று ஞாயிற்றுக்கிழமைக் கீபோட்டை நிறுத்திவிடாதீர்கள். இந்த மாதமே செய்யக்கூடியது: யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ ஒரு ஆசிரியரிடம் ஒரேயொரு மதிப்பீட்டு வகுப்புக் கேளுங்கள், கருவி வாங்க முதலே. அவள் காதால் கேட்டு வாசிக்கும் பாட்டு ஒன்று, தாளைப் பார்த்து வாசிப்பது ஒன்று, இரண்டையும் கொண்டுபோகட்டும். முதலில் எந்தப் பழக்கத்தைக் கழற்ற வேண்டும், அதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்று கேளுங்கள். நகத்தையும் ஒட்ட வெட்டிவிட்டுக் கூட்டிப்போங்கள். நீண்ட நகத்தோடு வந்த பிள்ளையின் கையைப் பார்த்து எந்த ஆசிரியரும் ஒன்றும் சொல்ல முடியாது.